தாத்தா பார்த்த ஜப்பான், பேரன் படிக்கும் ஜப்பான்

பினாங்கு இளையோரின் கையில் இன்று மங்கா எனும் ஜப்பானியச் சித்திரக்கதைகள். அவற்றில் எது உசத்தி, எது வெறும் ஆரவாரம்? நாம் இன்னும் வரையாமல் போட்டு வைத்திருக்கும் கதை எது? ஒரு மங்கா வாசகனின் ஒளிவுமறைவில்லாத கணக்கு.

பினாங்கில் ஜப்பானுக்கு இரண்டு முகவரிகள் உண்டு. இரண்டும் அடுத்தடுத்தே இருக்கின்றன.

ஒன்று, ஜார்ஜ்டவுன் கடலோரத்துக் கார்ன்வாலிஸ் கோட்டை. 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் நகரத்தின் மேல் வந்தபோது, அவற்றை வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்த சனம்தான் குண்டுக்கு இரையானது. வெள்ளைக்காரர்கள் தங்கள் ஆட்களை மட்டும் சத்தமில்லாமல் கப்பலேற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நாதியற்று நின்ற ஊரில் 'ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ' நாளிதழின் ஆசிரியர், இலங்கைத் தமிழரான மாணிக்கசோதி சரவணமுத்து, கோட்டைக் கொடிமரத்தில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கினார். டிசம்பர் 19 அன்று ஜப்பானியப் படை உள்ளே நுழைந்தது.

இன்னொன்று, கோட்டையை ஒட்டியிருக்கும் பாடாங் திடல். போன் ஓடோரி விழா நடக்கும் மாலையில் அங்கே போய்ப் பாருங்கள். மேளத்துக்கு ஏற்ப வட்டமாக ஆடும் கூட்டத்தில் மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் இருப்பார்கள். ஒருவன் தலையில் மங்கா நாயகன் நாருத்தோவின் நெற்றிப்பட்டை, இன்னொருத்தி தலையில் 'ஒன் பீஸ்' நாயகன் லூஃபியின் வைக்கோல் தொப்பி. அந்தப் பிள்ளைகளின் கொள்ளுப்பாட்டிகளுக்கு 'ஜப்பான் காலம்' என்றால் மரவள்ளிக்கிழங்கு, வாழைமரப் படம் போட்ட செல்லாக்காசு, சயாம் ரயில் வேலைக்குப் போய்த் திரும்பாத ஆண்கள்.

இந்த இரண்டு ஜப்பானும் ஒன்றையொன்று முகத்துக்கு முகம் பார்க்கும் இடம் ஏதாவது உண்டா? உண்டு. நல்ல மங்காவில் உண்டு. அதனால்தான் எனக்குப் பிடித்த மங்கா ஆசிரியர்களைத் தரம்பிரிக்க ஒரே அளவுகோலை வைத்திருக்கிறேன்: கதையில் சின்ன மனிதனுக்கு எத்தனை கட்டங்கள் ஒதுக்குகிறார்? வீரன் வாளோங்கும் நேரத்தில், சோறு வடிப்பவளுக்கும் குழி வெட்டுபவனுக்கும் ஒரு பக்கம் கிடைக்கிறதா? விற்பனைக் கணக்கும் ரசிகர் ஆரவாரமும் அதற்குப் பிறகுதான்.

சௌராஸ்தா மாடியிலிருந்து

பினாங்கு ரோட்டில் சௌராஸ்தா சந்தையின் மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. கீழே ஜாதிக்காய் ஊறுகாய், மேலே காகித வாசம். மங்கா நம் ஊர்ப் பிள்ளைகளிடம் எப்படி வந்து சேர்ந்தது என்பதை அந்த மாதிரிக் கடைகளின் அடுக்குகளே சொல்லிவிடும். முதலில் ஹாங்காங் குங்ஃபூ கதைகள் 'அலாம் பெர்வீரா' என்ற பெயரில் மலாயில் வந்தன. பிறகு 'டிராகன் பால்' மலாயில் 'முத்தியாரா நாகா' ஆனது. சீனப் பிள்ளைகள் சீனத்தில் படித்தார்கள். தமிழ்ப் பிள்ளைகள் எந்த மொழியில் கிடைத்ததோ அந்த மொழியில் படித்தார்கள்.

தமிழில் நமக்கு வாய்த்த காமிக்ஸ் உலகம் வேறு. 1972-இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கிய முத்து காமிக்ஸும், பின்னால் வந்த லயன் காமிக்ஸும் சிவகாசியிலிருந்து நமக்குப் பிரிட்டிஷ் உளவாளிகளையும் இத்தாலியில் பிறந்த டெக்ஸ் வில்லரையும் பிரெஞ்சு-பெல்ஜிய நாயகர்களையும் கொண்டுவந்து சேர்த்தன. அந்த விருந்தில் ஜப்பானுக்கு இலை போடப்படவேயில்லை எனலாம்.

ஆனால் மங்காவின் ஓட்டம் தமிழ் வாசகனுக்கு அந்நியமானதில்லை. 1950 முதல் 1954 வரை கல்கியில் மணியத்தின் படங்களோடு 'பொன்னியின் செல்வன்' வந்தபோது, வாரா வாரம் இதழுக்காகக் காத்துக் கிடந்த குடும்பங்களின் கதை நமக்குத் தெரியும். ஜப்பானில் 1968-இல் தொடங்கிய 'ஷோனென் ஜம்ப்' இதே வாரத்தொடர் வித்தையைத்தான் ஆலை அளவுக்குப் பெருக்கியது. 1990களின் நடுவில் அதன் ஒரு வார விற்பனை 65 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. இதழோடு வரும் அஞ்சலட்டையில் பிடித்த தொடர்களைக் குறித்து வாசகர்கள் அனுப்புவார்கள். அடிமட்டத்துக்குப் போன தொடருக்கு நாள் எண்ணப்படும். மங்காவின் பலமும் நோயும் இந்த அட்டையில்தான் இருக்கின்றன. முதல் மூன்று பக்கத்துக்குள் வாசகனைப் பிடிக்கும் திறமை அங்கே பிறந்தது. ஓடுகிற குதிரையை இறங்கவே விடாமல் இருபது ஆண்டு ஓட்டும் பழக்கமும் அங்கேதான் பிறந்தது.

ஒற்றைக் கையால் வரைந்த உண்மை

என் பட்டியலில் முதலிடம் ஷிகேரு மிசுகிக்கு. உலகம் அவரை 'கெகெகே நோ கிதாரோ' பேய்க்கதைகளுக்காகக் கொண்டாடுகிறது. நான் அவரை ஒரு போர்க்கதைக்காக முதலில் வைக்கிறேன்.

இரண்டாம் உலகப்போரில் சாதாரணச் சிப்பாயாக நியூ பிரிட்டன் தீவின் ரபாவுல் போர்முனைக்கு அனுப்பப்பட்ட மிசுகி, விமானத் தாக்குதலில் இடது கையை இழந்தார். மிஞ்சிய ஒற்றைக் கையால் வாழ்நாள் முழுக்க வரைந்து, 2015-இல் 93 வயதில் மறைந்தார். 1973-இல் அவர் வெளியிட்ட போர்க்கதை ஆங்கிலத்தில் 'ஆன்வர்ட் டுவர்ட்ஸ் அவர் நோபிள் டெத்ஸ்' என்ற பெயரில் கிடைக்கிறது. தற்கொலைத் தாக்குதலுக்கு அனுப்பப்பட்ட ஒரு படைப்பிரிவின் கதை. எல்லோரும் வீரமரணம் அடைந்துவிட்டதாகத் தலைமையகத்துக்குச் செய்தி போய்விடுகிறது. ஆனால் சிலர் பிழைத்துத் திரும்புகிறார்கள். செத்ததாக அறிவிக்கப்பட்டவன் உயிரோடு இருப்பது ராணுவத்துக்கு மானக்கேடு. ஆகவே, போய் மறுபடி சாகச் சொல்கிறார்கள்.

இந்தப் புத்தகத்தில் எதிரி தோட்டாவுக்கு முன்பே சாவு வேறு வழிகளில் வருகிறது. காய்ச்சலில் ஒருவன் சாகிறான். ஒருவனை முதலை இழுத்துக்கொண்டு போகிறது. பசியில் மீன் பிடிக்கப் போன ஒருவன், வாயில் கவ்விய மீன் தொண்டையில் சிக்கிச் சாகிறான். காடும் கடலும் புகைப்படம் போல நுணுக்கமாக வரையப்பட்டிருக்க, சிப்பாய்களோ உருண்டை மூக்கும் புள்ளிக் கண்ணுமாகக் கேலிச்சித்திரப் பொம்மைகள். கடைசிப் பக்கங்களில் அந்தப் பொம்மைத்தனம் போய்விடுகிறது. பிணங்கள் மட்டும் அச்சு அசலாக மனிதர்களாகிக் கிடக்கின்றன. இதைவிடக் கடுமையான போர் எதிர்ப்பை நான் எந்தச் சித்திரக்கதையிலும் பார்த்ததில்லை.

பினாங்கு வாசகனின் கண்ணில் இதில் இன்னொன்று படும். அறை. மேலதிகாரி கீழ்ச்சிப்பாயை அறைகிறான், காரணம் இருந்தாலும் அறைகிறான், இல்லாவிட்டாலும் அறைகிறான். நம் தாத்தாக்களும் ஓர் அறையைச் சொல்வார்கள்: காவல் நிற்கும் சிப்பாயைக் கடக்கும்போது குனிந்து வணங்கத் தவறினால் கன்னம் பழுக்கும். அந்தக் கையின் மறுபக்கத்தை மிசுகி காட்டுகிறார். நம்மை அறைந்தவன் அன்று காலை தானும் அறை வாங்கியவனாக இருந்திருக்கலாம். இது அவன் செய்ததை மன்னிக்கும் சமாதானமில்லை. மிசுகியும் மன்னிப்புக் கேட்டு மழுப்பவில்லை. சிப்பாய்கள் பெண்களுக்காக வரிசையில் நிற்கும் விடுதியைத் தொடக்கத்திலேயே வரைந்துவிடுகிறார்.

அதே 1973-இல்தான் கேய்ஜி நகசாவாவின் 'பேர்ஃபுட் கென்' ஷோனென் ஜம்ப்பில் தொடங்கியது. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது நகசாவாவுக்கு ஆறு வயது. பள்ளிக்கூடச் சுவர் மறைத்ததால் பிழைத்தவர். கதையில் கென்னின் அப்பா போரை எதிர்த்துப் பேசிச் சிறைக்குப் போகிறார். அக்கம்பக்கம் அந்தக் குடும்பத்தை ஒதுக்குகிறது. உதவிக்கு வருபவர் கொரியரான பக்கத்து வீட்டுக்காரர் பாக். குண்டு போட்ட அமெரிக்காவின் மேல் எவ்வளவு கோபமோ அவ்வளவு கோபம் தன் நாட்டின் ராணுவ வெறி மேலும் நகசாவாவுக்கு உண்டு. ஜப்பானிலேயே இந்தப் புத்தகம் இன்னும் உறுத்துகிறது. 2012-இல் மட்சுவே நகரப் பள்ளி நூலகங்களில் இதை மாணவர் கைக்கு எட்டாமல் வைத்தார்கள், எதிர்ப்புக் கிளம்பியதும் மறு ஆண்டு அந்தத் தடையை விலக்கிக்கொண்டார்கள். 2023-இல் ஹிரோஷிமாவின் பள்ளி அமைதிப்பாடத்திலிருந்தே நீக்கினார்கள். கலையாகப் பார்த்தால் மிசுகிக்கு ஒரு படி கீழேதான். எல்லோரும் வாய் பிளந்து கத்துகிறார்கள், அப்பா பிரசங்கம் செய்கிறார். ஆனாலும் வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் இதை வாங்கி வையுங்கள்.

கடவுளுக்கும் குறை உண்டு

ஓசாமு தெசுகாவை (1928–1989) 'மங்காவின் கடவுள்' என்பார்கள். ஒசாகாவில் மருத்துவம் படித்தவர். 'ஆஸ்ட்ரோ பாய்' தொடங்கி எதைத் தொட்டாலும் அதற்கொரு இலக்கணத்தை உருவாக்கிவிட்டுப் போனவர். கடவுளை விமர்சிப்பது வாசகனின் உரிமை என்பதால் சொல்கிறேன்: அவருடைய 'புத்தா' (1972–1983) பெரிய நூல்தான், ஆனால் சீரான நூலில்லை.

முதல் தொகுதியின் பெரும்பகுதியில் சித்தார்த்தன் பிறக்கவே இல்லை. சாப்ரா என்ற அடிமைச் சிறுவனும், ஊரால் ஒதுக்கப்பட்ட தத்தா என்ற பொடியனும்தான் கதையை நடத்துகிறார்கள். புத்தரின் கதையைச் சாதியின் கடைசிப் படியிலிருந்து தொடங்கியது துணிச்சல். ஆனால் உள்ளம் உருகும் கட்டத்தில் திடீரென்று நவீன காலத்து நகைச்சுவை ஒன்றை நுழைத்து, தன் மூக்கையும் நீட்டுவார் தெசுகா. லோரோங் பர்மாவில் பர்மியக் கோயிலுக்கும், எதிரே சயாமியர் கோயிலில் சயனித்திருக்கும் புத்தருக்கும் கைகூப்பிப் பழகிய பினாங்குக்காரருக்கு அது கொஞ்சம் சுருக்கென்று தைக்கும். அவருடைய முழுத் திறமை எனக்குத் தெரிவது 'பிளாக் ஜாக்'கில். உரிமம் இல்லாத அறுவை மருத்துவன், கோடிக்கணக்கில் கட்டணம் கேட்பான், ஒவ்வொரு அத்தியாயமும் தனித்து நிற்கும் சிறுகதை. புதுமைப்பித்தனைப் படித்தவர்களுக்கு அந்தச் சுருக்கமும் கசப்பும் பிடிக்கும்.

இரண்டு பெண்கள்

மங்கா என்றால் பையன்கள் அடித்துக்கொள்ளும் கதை என்று நினைப்பவர்களுக்கு என்னிடம் இரண்டு பெயர்கள் இருக்கின்றன.

ரூமிகோ தகாஹாஷி. 2019-இல் பிரான்சின் அங்குலேம் சித்திரக்கதை விழா அவருக்குத் தன் உயரிய விருதைத் தந்தது. 'இனுயாஷா', 'ரன்மா' என்று புகழ்பெற்றவை பல. என் தேர்வு 'மைசோன் இக்கோகு' (1980–1987). பழைய வாடகை விடுதி, அதை நிர்வகிக்க வரும் இளம் விதவை கியோகோ, அங்கே தங்கிக் கல்லூரி நுழைவுத் தேர்வில் முட்டிமோதும் கோதாய். அவ்வளவுதான் கதை. கியோகோ வளர்க்கும் நாயின் பெயர் சோயிச்சிரோ. அது செத்துப்போன கணவனின் பெயர். விடுதி வாசலில் நாயைக் கூப்பிடும்போதெல்லாம் அவள் யாரைக் கூப்பிடுகிறாள் என்று கோதாயோடு சேர்ந்து நாமும் தவிக்கிறோம். ஏழாண்டுத் தொடரின் முடிவில் கோதாய் கல்லறைக்கு முன் நின்று, அவள் மனத்தில் இருக்கும் உங்களையும் சேர்த்தே அவளை ஏற்கிறேன் என்ற பொருளில் பேசுகிறான். விதவை மறுமணத்தைத் தமிழில் எத்தனையோ கதைகள் சீர்திருத்தமாக எழுதியிருக்கின்றன. முதல் கணவனை மறக்கச் சொல்லாத மறுமணத்தை இவ்வளவு இயல்பாக எழுதியவை சொற்பம்.

இன்னொருவர் ஹிரோமு அராகாவா. ஹொக்கைடோவில் பால்பண்ணைக் குடும்பத்துப் பெண், தன்னை வரையும்போதும் மாடாகத்தான் வரைந்துகொள்வார். அவருடைய 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' (2001–2010) சாகசக் கதைதான், ஆனால் அதன் நடுவில் இஷ்வால் மக்களை அரசே வேரறுத்த வரலாறு இருக்கிறது. கதையின் நல்லவர்கள் சிலருக்கே அந்தப் படுகொலையில் பங்கு உண்டு. அது அவர்களை விட்டு இறங்குவதில்லை. ஒன்றை இழக்காமல் ஒன்றைப் பெற முடியாது என்ற கதையின் விதி அங்கே பள்ளிப்பாடம் போல் இல்லாமல் தண்டனை போல் வந்து நிற்கிறது.

அவருடைய 'சில்வர் ஸ்பூன்' இன்னும் எளிமையானது. பட்டணத்துப் பையன் ஹாச்சிக்கென் விவசாயப் பள்ளிக்கு வருகிறான். குட்டிகளில் நோஞ்சானான பன்றி ஒன்றுக்குப் பெயர் வைத்து வளர்க்கிறான். வெட்டுக்குப் போக வேண்டிய நாள் வருகிறது. பையன் அழுது காப்பாற்றிவிடுவான் என்று எதிர்பார்ப்போம். அவன் அந்த இறைச்சியைத் தன் காசில் வாங்கி, உப்பிட்டுப் புகைமூட்டி, நண்பர்களுக்குப் பரிமாறுகிறான். கோழியும் ஆடும் வளர்த்த தோட்டத்து வீடுகளுக்கு இந்தச் சங்கடம் தெரியும். பால்மரமும் செம்பனையுமாக வாழ்ந்த நம் சனங்களைப் பற்றி இப்படி ஒரு கதை வரக்கூடாதா என்று எனக்குப் பொறாமையே வந்தது.

பெரிய பெயர்கள், சுருக்கமான தீர்ப்புகள்

அகிரா தொரியாமா 2024 மார்ச்சில் மறைந்தபோது உலகமே கலங்கியது. நியாயம்தான். 'டிராகன் பால்' சண்டைகளில் யார் எங்கே நிற்கிறார், அடி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதில் ஒரு கணமும் குழப்பம் வராது. அவ்வளவு தெளிவான கோடு. கோக்குவின் தலைமுடி பொன்னிறமானதற்கு ஒரு காரணம், கறுப்பு மை பூசும் வேலை உதவியாளருக்கு மிச்சமாகும் என்பதுதான். ஆனால் அடுத்த வில்லன், அதற்கடுத்த வில்லன் என்று வாரத்தொடர் அவரை ஓட்டி ஓட்டிக் களைப்பாக்கியது பிற்பகுதியில் தெரியும்.

எய்ச்சிரோ ஓடாவின் 'ஒன் பீஸ்' 1997 ஜூலையில் கிளம்பிய கப்பல், இன்னும் கரை தொடவில்லை. நூறு தொகுதிகளைக் கடந்தும் வளரும் கதையில் ஒரு கட்டத்துக்குள் இருபது தலைகள் திணிக்கப்படுகின்றன. பெண்களை வரைவதில் ஓடாவுக்கு ஒரே அச்சு. ஆனாலும் கொடுங்கோலனிடம் சிக்கிய ஊருக்காகக் கோபப்படுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. 2025 ஆகஸ்டில் இந்தோனேசியாவில் லாரி ஓட்டுநர்கள் அந்தக் கதையின் வைக்கோல் தொப்பி மண்டையோட்டுக் கொடியைப் பறக்கவிட்டதும், அடுத்த மாதம் நேப்பாள இளைஞர் போராட்டத்தில் அதே கொடி பறந்ததும் தற்செயல் இல்லை.

நாவோகி உராசாவா தொடங்குவதில் மன்னன். 'மான்ஸ்டர்' கதையில் மேயரை விட்டுவிட்டு முதலில் வந்த சிறுவனைக் காப்பாற்றும் மருத்துவன், பின்னாளில் அந்தச் சிறுவனே கொலைகாரன் என்று அறிகிறான். இதைவிட நல்ல முடிச்சு கிடைக்காது. அவிழ்ப்பதில்தான் அவருக்குக் கை நடுங்கும். '20த் செஞ்சுரி பாய்ஸ்' முடிவைப் பற்றி ரசிகர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள், நான் அதிருப்தியாளர் பக்கம்.

நாம் எங்கே?

மங்காவில் இந்தியன் வராமல் இல்லை. காவோரு மோரியின் 'எம்மா'வில் விக்டோரியா காலத்து லண்டனுக்கு யானைகளோடு வந்து இறங்குகிறான் இளவரசன் ஹக்கீம். யானா தொபோசோவின் 'பிளாக் பட்லர்' தொடரில் வங்காளத்து இளவரசன் சோமாவும், கறி சமைப்பதில் தெய்வக்கை படைத்த அவன் பணியாள் அக்னியும் வருகிறார்கள். யானை, இளவரசன், கறி. ரசிக்கலாம், தவறில்லை. ஆனால் 1940களில் ஜப்பானியர் நேருக்கு நேர் கண்ட இந்தியன் இளவரசனில்லை. மலாயாவின் தோட்டத்துத் தமிழன்.

1942 முதல் 1943 வரை சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஜப்பானியர் 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். ஆசியத் தொழிலாளர்களில் தொண்ணூறாயிரம் பேர் வரை இறந்ததாகச் சொல்லப்படும் அந்தப் பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஏராளம். அங்கே உழைத்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குத் திரைப்படம் இருக்கிறது, பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. நமக்கு உரைநடை இருக்கிறது: ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்'. மேடானும் பினாங்கும் களமாக ப. சிங்காரம் தந்த 'புயலிலே ஒரு தோணி' இருக்கிறது. சித்திரக்கதையாக ஒன்றும் என் கைக்கு வந்து சேரவில்லை.

முடியாத காரியமா? சிரம்பானில் பிறந்து சிங்கப்பூரில் வாழும் சோனி லியூ, தெசுகாவின் பாணியையே இரவல் வாங்கி, சிங்கப்பூரின் வரலாற்றை 'தி ஆர்ட் ஆஃப் சார்லி சான் ஹொக் சாய்' என்று 2015-இல் வரைந்தார். அரசுக் கலை மன்றம் கொடுத்த மானியத்தைத் திரும்பப் பெற்றது. 2017-இல் அந்த நூல் சித்திரக்கதைக்கான ஐஸ்னர் விருதுகளில் மூன்றை வாங்கியது. கோப்பெங்கின் கம்பத்துப் பையன் லாட், ஈயச்சுரங்கத்தையும் பள்ளி வாத்தியாரையும் வரைந்தே உலகம் சுற்றினார். 2020-இல் மலேசியப் பெண் எரிக்கா எங், தன் நாட்டு வாழ்க்கையை வரைந்த 'ஃபிரைட் ரைஸ்' இணையச் சித்திரக்கதைக்காக ஐஸ்னர் பெற்றார். ஜார்ஜ்டவுனின் சந்துச் சுவர்களிலேயே, தெருவின் கதையைச் சொல்லும் 52 இரும்புக்கம்பிக் கேலிச்சித்திரங்கள் அரசுச் செலவில் நிற்கின்றன. வரையும் கைக்கு இந்த மண்ணில் பஞ்சமில்லை.

பஞ்சம் பக்கத்துக்குத்தான். நகசாவா போன்றவர்கள் எங்கோ தனியாக உட்கார்ந்து காவியம் படைத்தவர்களில்லை. பத்திரிகைகள் இடம் கொடுத்தன, கெடு வைத்தன, கூலி கொடுத்தன, வரைந்தார்கள். தமிழ் வார இதழ்கள் சோதிடத்துக்கும் சினிமாவுக்கும் தரும் இடத்தில் இரண்டே பக்கத்தை ஒரு தமிழ் ஓவியருக்குத் தொடராகத் தரட்டும். முதல் அத்தியாயத்துக்குக் கதை தேட வேண்டியதில்லை. கொடிமரத்தடியில் நிற்கும் பத்திரிகையாசிரியரான ஒரு தமிழரும், அவருக்குப் பின்னால் தோட்டத்து லயத்தில் சயாம் ரயில் வேலைக்குப் பெயர் கொடுக்கச் சொல்லி நிறுத்தப்பட்ட இளைஞர்களும் தயாராக இருக்கிறார்கள். இந்த இதழுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எதில் தொடங்கலாம்?

படிக்கும் திசை வலமிருந்து இடம். இரண்டு அத்தியாயத்தில் கண் பழகிவிடும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு: 'டோரேமோன்', பிறகு 'டிராகன் பால்'. சண்டை போதும் என்று தோன்றும்போது 'சில்வர் ஸ்பூன்'.

மேல்நிலை மாணவர்களுக்கு: 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்'. கதை முடிந்துவிட்ட தொடர் என்பதே பெரிய நிம்மதி. அடுத்து 'பேர்ஃபுட் கென்'.

குடும்பக்கதை வாசகர்களுக்கு: 'மைசோன் இக்கோகு'. தொடர்கதை படித்து வளர்ந்த அம்மாக்களிடம் தயங்காமல் கொடுக்கலாம்.

சிறுகதைப் பிரியர்களுக்கு: 'பிளாக் ஜாக்', எந்தத் தொகுதியிலிருந்தும் தொடங்கலாம்.

சிரிக்க விரும்புபவர்களுக்கு: யூகிச்சி யாமாமட்சுவின் 'ஸ்டுபிட் கை கோஸ் டு இந்தியா'. மங்காவை இந்தியில் பெயர்த்து டில்லித் தெருவில் விற்றுப் பணக்காரராகலாம் என்று கிளம்பிய ஜப்பானியரின் சொந்தக் கதை. குமார் சிவசுப்ரமணியன் ஆங்கிலத்தில் பெயர்க்க, சென்னை பிளாஃப்ட் வெளியிட்டது.

பெரியவர்களுக்கு மட்டும்: மிசுகியின் போர்க்கதை. வீட்டில் ஜப்பான் காலத்தைக் கண்ட மூத்தவர் யாராவது இருந்தால், அவர் பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள். படங்களைப் பார்த்து அவர் சொல்லத் தொடங்குவதைக் குறித்துக்கொள்ள ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டும்.